காலியாகவே இருக்கும் ஒரு கல்லறையும் லிங்கனின் மனைவி எழுதிய கடிதங்களும்

அனைவருக்கும் வணக்கம். நான் இப்போது இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்ப்ரிங்ஃபீல்டில், ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் 117 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் இந்தக் கருங்கல் கட்டடத்துக்கு அடியில்தான் ஆபிரகாம் லிங்கன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வாசலில் அவருடைய வெண்கலத் தலை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் மூக்கைத் தடவிவிட்டுப் போவதால், முகம் முழுவதும் கறுத்திருக்க, மூக்கு மட்டும் பொன்னிறமாக மின்னுகிறது. உள்ளே சென்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே பேசிக்கொண்டே படம் பிடிப்பது சுற்றி நிற்பவர்களின் அமைதியைக் கெடுக்கும் என்று தோன்றியதால், வெளியே புல்வெளிக்கு வந்து பேசுகிறேன்.

அமெரிக்க அதிபர்களுக்கென்று பொதுவான அடக்கத்தலம் எதுவும் கிடையாது. 2025 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் அடக்கம் செய்யப்பட்டபோது, மறைந்த அதிபர்களின் எண்ணிக்கை 40 ஆனது. அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். நாட்டின் தலைநகரான வாஷிங்டன் நகருக்குள்ளே இருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் தேசியப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட உட்ரோ வில்சன். இப்படிச் சிதறிக் கிடப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. உடலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கமோ ஓர் ஊரோ விரும்பிய பல நேரங்களில், குடும்பத்தில் எவரோ ஒருவர், பெரும்பாலும் மனைவி, குறுக்கே நின்றிருக்கிறார். இந்தக் காணொளியில் நான் சொல்ல விரும்புவது அந்த மனிதர்களைப் பற்றித்தான்.

முதலில் வாஷிங்டன் நகருக்குப் போக வேண்டும். அங்கே நாடாளுமன்றம் கூடும் கேபிட்டல் கட்டடத்தின் நடுவில் குவிமாட மண்டபம் இருக்கிறது. அதற்கு நேர் கீழே தூண்கள் நிறைந்த ஒரு மண்டபம், அதற்கும் கீழே ஒரு சிறிய நிலவறை. அந்த நிலவறை ஜார்ஜ் வாஷிங்டனுக்காகக் கட்டப்பட்டது. 1799 டிசம்பர் 14ஆம் தேதி அவர் இறந்த சில நாட்களிலேயே, அவருடைய உடலைத் தலைநகரில் அடக்கம் செய்ய நாடாளுமன்றம் தீர்மானித்தது. மனைவி மார்த்தாவும் மனவருத்தத்துடன் சம்மதித்தார். ஆனால் கட்டடம் எழும்பப் பல ஆண்டுகள் ஆயின. வாஷிங்டனோ தமது உயிலில், மவுண்ட் வெர்னன் பண்ணையிலேயே செங்கல்லால் ஒரு புதிய கல்லறை கட்டித் தம்மையும் தம் உறவினரையும் அங்கே வைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அந்தக் கல்லறை 1831இல் கட்டி முடிக்கப்பட்டு, உடல் அதற்குள் மாற்றப்பட்டது. மறு ஆண்டு, அவருடைய நூற்றாண்டு பிறந்தநாளை ஒட்டி நாடாளுமன்றம் மீண்டும் உடலைக் கேட்டபோது, பண்ணையின் அப்போதைய உரிமையாளரான உறவினர் ஜான் அகஸ்டின் வாஷிங்டன் மறுத்துவிட்டார். ஒரு நாட்டின் நாடாளுமன்றமே கேட்டும், உயிலில் இருந்த ஒரு விருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் தர மறுத்ததை நான் பெரிய செயலாகவே மதிக்கிறேன். கேபிட்டலின் நிலவறை இன்றுவரை காலியாகவே இருக்கிறது.

மவுண்ட் வெர்னனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனின் கல்லறையிலிருந்து சில நிமிட நடை தூரத்தில், மரங்களுக்கு நடுவே, அந்தப் பண்ணையில் அடிமைகளாக வைத்திருக்கப்பட்டவர்களின் இடுகாடு இருக்கிறது. எந்தக் குழிக்கும் பெயர் பொறித்த கல் கிடையாது. 1929இல் ஒரு சிறிய நினைவுக்கல் நடப்பட்டது. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னம் 1983இல்தான் வந்தது. அங்கே செல்பவர்கள் அதிபரின் கல்லறையோடு திரும்பிவிடாமல், அந்த இடம்வரை நடந்து சென்று சற்று நேரம் நிற்க வேண்டும் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மீண்டும் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு வருவோம். 1865 ஏப்ரல் 15ஆம் தேதி லிங்கன் இறந்தபோது, அவரை எங்கே அடக்கம் செய்வது என்று பல நகரங்கள் போட்டியிட்டன. அவர் 24 ஆண்டுகள் வாழ்ந்த ஊர் என்பதால் ஸ்ப்ரிங்ஃபீல்டு முந்திக்கொண்டது. உடலைச் சுமந்த ரயில் 1,600 மைலுக்கும் அதிகமான தூரத்தை ஊர் ஊராக நின்று கடந்து, மே 3ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தது. அதே ரயிலில் இன்னொரு சிறிய சவப்பெட்டியும் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 11 வயதில் வெள்ளை மாளிகையில் இறந்த மகன் வில்லியின் சவப்பெட்டி அது. தந்தையோடு சேர்ந்து அந்தப் பிள்ளையும் ஊர் திரும்பினான். மேரி லிங்கனால் ரயிலில் வர முடியவில்லை. அவர் வாஷிங்டனில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

மேரி அங்கே கிடந்த நேரத்தில், ஊர்ப் பெரியவர்கள் நகரின் நடுவில் ஓர் இடத்தை வாங்கி, இரவு பகலாக வேலை செய்து ஒரு கல்லறையையே கட்டி முடித்துவிட்டார்கள். ரயிலில் வந்திறங்குகிற எவருக்கும் அது கண்ணில் படும், ஊருக்குப் பெருமை சேரும் என்பது அவர்களுடைய எண்ணம். மேரி அதை ஏற்கவே இல்லை. அமைதியான ஓர் இடத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று கணவர் தன்னிடம் சொல்லியிருந்தார் என்றும், ஊருக்கு வெளியே இருந்த இந்த ஓக் ரிட்ஜ்தான் அப்படிப்பட்ட இடம் என்றும் அவர் உறுதியாக நின்றார். அவர்களும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. உடலை இங்கே வைத்துவிட்டு, நினைவுச்சின்னத்தை மட்டுமாவது நகரின் நடுவில் எழுப்பிவிடலாம் என்று திட்டமிட்டார்கள். அப்போது, 1865 ஜூன் மாதத்தில், மாநில ஆளுநரும் நினைவுச்சின்னக் குழுவின் தலைவருமான ரிச்சர்ட் ஓகிள்ஸ்பிக்கு மேரி கடிதங்கள் எழுதினார். தன் கணவருடைய உடலின் மேல்தான் நினைவுச்சின்னம் எழ வேண்டும், அங்கே லிங்கன், அவருடைய மனைவி, மகன்கள், மகன்களின் குடும்பத்தார் தவிர வேறு எவரையும் அடக்கம் செய்யக் கூடாது, இதை எழுத்துமூலம் உறுதியளிக்காவிட்டால் உடலை இங்கிருந்து எடுத்துச் சென்றுவிடுவேன் என்பதுதான் அவற்றின் சாரம். எங்கே எடுத்துச் செல்வதாகச் சொன்னார் தெரியுமா? சிகாகோவுக்கு, அல்லது கேபிட்டலின் அடியில் வாஷிங்டனுக்காகக் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த அந்த நிலவறைக்கு.

கணவர் தன் பக்கத்தில் அமர்ந்திருந்தபோதே சுடப்பட்டு இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அந்த நிலையிலும் அவர் எழுதிய இந்தக் கடிதங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். மேரியைப் பிடிவாதக்காரர் என்றும் மனநிலை சரியில்லாதவர் என்றும் எழுதியவர்கள் ஏராளம். இந்த விஷயத்தில் அவர் செய்தது முழுக்கச் சரி என்பதே என் எண்ணம். குழு இறுதியில் பணிந்தது. ஊரார் கட்டிய கல்லறை ஒரு நாள்கூடப் பயன்படாமல் போயிற்று. அந்த நிலத்தில் இன்று மாநிலத்தின் சட்டமன்றக் கட்டடம் நிற்கிறது. கேபிட்டலின் காலி நிலவறைக்கும் லிங்கனோடு ஒரு தொடர்பு ஏற்படத்தான் செய்தது. அவருடைய சவப்பெட்டியைத் தாங்குவதற்காகப் பைன் பலகைகளால் அவசரமாகச் செய்து கறுப்புத் துணி போர்த்திய மேடையை, பிறகு நெடுங்காலம் அந்த நிலவறையில்தான் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1963இல் கென்னடியின் சவப்பெட்டி வைக்கப்பட்டதும் அதே மேடையின் மேல்தான்.

ஆனால் மேரி கேட்ட அமைதி லிங்கனுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. 1876 நவம்பர் 7ஆம் தேதி, தேர்தல் நாளன்று இரவு, கள்ளநோட்டுக் கும்பல் ஒன்று இந்தக் கல்லறைக்குள் புகுந்தது. சிறையில் இருந்த தங்கள் அச்சுக்கலைஞன் ஒருவனை மீட்கவும், 2 லட்சம் டாலர் பறிக்கவும் லிங்கனின் உடலைக் கடத்துவதே அவர்களின் திட்டம். வாசலில் இருந்தது ஒரு சாதாரணப் பூட்டு. அதை அறுத்து, பளிங்குப் பேழையின் மூடியைத் திறந்து, சவப்பெட்டியைச் சிறிது வெளியே இழுத்தும் விட்டார்கள். கும்பலில் ஒருவன் கள்ளநோட்டைத் துப்பறியும் அரசுத் துறையின் ஆளாக இருந்ததால் திட்டம் முறிந்தது. பிடிபட்டவர்களுக்கு ஓராண்டுச் சிறைதான் கிடைத்தது. அதன்பின் பொறுப்பாளர்கள் பயந்துபோய், சவப்பெட்டியை நினைவுச்சின்னத்தின் அடித்தளத்தில் மரக்கட்டைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தார்கள். மக்கள் ஆண்டுக்கணக்காக வந்து வணங்கியது வெறும் பளிங்குப் பேழையைத்தான். 1882இல் மேரி இறந்தபோது அவருடைய சவப்பெட்டியையும் இரகசியமாக அங்கேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

உயிரோடிருந்த ஒரே மகன் ராபர்ட் டாட் லிங்கன் இதற்கு ஒரு முடிவு கட்டினார். தரைக்கு 10 அடி கீழே, இரும்புக் கூண்டுக்குள் சவப்பெட்டியை வைத்து, மேலே கான்கிரீட் ஊற்றி மூடிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். 1901 செப்டம்பர் 26ஆம் தேதி, மூடுவதற்கு முன்பு, உள்ளே இருப்பது அவர்தானா என்று உறுதிப்படுத்த ஈயத் தகட்டை வெட்டித் திறந்தார்கள். அங்கிருந்த 23 பேர் முகத்தைப் பார்த்தார்கள். இறந்து 36 ஆண்டுகள் கழிந்தும் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தது. அவர்களில் ஃப்ளீட்வுட் லிண்ட்லி என்ற 13 வயதுச் சிறுவனும் ஒருவன். சவப்பெட்டியை இறக்கிய தோல்வாரில் ஒன்றை அவனும் பிடித்திருந்தான். லிங்கனின் முகத்தைப் பார்த்த அந்தக் கடைசி மனிதர் 1963இல்தான் மறைந்தார். இன்று உள்ளே நாம் பார்க்கும் சிவந்த கல் ஓர் அடையாளம் மட்டுமே. உடல் அதற்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது.

அந்தக் கல்லுக்கு எதிர்ச்சுவரில் மேரியும் மூன்று மகன்களும் இருக்கிறார்கள். ராபர்ட் அங்கே இல்லை. அவரும் இங்கேயே சேர்வதாகத்தான் இருந்தது. 1926இல் அவர் இறந்தபோது, அவருடைய மனைவி மேரி ஹார்லன் மனம் மாற்றிக்கொண்டார். தம் கணவர் சொந்த உழைப்பால் உயர்ந்தவர், தந்தையின் நிழலில் அல்லாமல் தனக்கென்று ஓர் இடத்தில் இருக்கத் தகுதியானவர் என்று கருதி, வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையைத் தேர்ந்தார். 1930இல் அவர்களுடைய மகன் ஜாக்கின் உடலும் இங்கிருந்து ஆர்லிங்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மகன்களின் குடும்பத்தாருக்கும் இடம் வேண்டும் என்று மாமியார் கேட்டு வாங்கிய இடத்தை மருமகள் வேண்டாம் என்று விட்டுவிட்டார். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

ஆர்லிங்டனில் இருக்கும் அதிபர்கள் இருவர்தான், டாஃப்டும் கென்னடியும். கென்னடியை அவருடைய சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில்தான் அடக்கம் செய்வார்கள் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். ஆர்லிங்டன் என்று முடிவு செய்தவர் ஜாக்குலின். அணையாத தீபம் ஏற்ற வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். பிறந்த இரண்டே நாட்களில் இறந்த பாட்ரிக்கையும், இறந்தே பிறந்த மகளையும் சில நாட்களுக்குள் தந்தையின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

குழந்தைகளைப் பக்கத்தில் கொண்டுவரும் இந்த ஏக்கம் வேறு இடங்களிலும் தெரிகிறது. கான்சாஸின் அபிலீனில், ஐசன்ஹோவரும் மேமியும் 1921இல் மூன்று வயதில் இறந்த மகனோடு இருக்கிறார்கள். டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷனில், 1953இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த மகள் ராபினின் உடலை மூத்த புஷ்ஷும் பார்பராவும் 2000ஆம் ஆண்டிலேயே மாற்றிவைத்துவிட்டு, 18 ஆண்டுகள் கழித்துத் தாங்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

நியூயார்க் நகரத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் எழுந்து நிற்கும் யுலிசஸ் கிராண்டின் பிரம்மாண்டமான சமாதியைப் பார்க்கும்போது, அது ஒரு நகரத்தின் பெருமைக்காகக் கட்டியது என்றே தோன்றும். சுமார் 90,000 பேர் கொடுத்த 6 லட்சம் டாலர் நன்கொடையில் எழுந்து, 1897இல் திறக்கப்பட்டது. ஆனால் படைத்தளபதியான அவர் தாம் படித்த வெஸ்ட் பாயின்ட் இராணுவப் பள்ளிக்குப் போகாமல் இங்கே வந்ததற்குக் காரணம், மனைவி ஜூலியாவை அங்கே தம் பக்கத்தில் அடக்கம் செய்ய முடியாது என்பதுதான். உள்ளே குனிந்து பார்த்தால், ஒரே அளவில் இரண்டு சிவந்த கருங்கல் பேழைகள் அருகருகே இருக்கின்றன.

காப்பதற்கு ஆளில்லாமல் போனவர் ஜேம்ஸ் போல்க். 1849இல் பதவி முடிந்த மூன்று மாதங்களில் இறந்தார். காலராவுக்குப் பயந்து முதலில் நாஷ்வில் நகரின் பொதுக் கல்லறையில் புதைத்தார்கள். பிறகு அவர் விரும்பியபடி சொந்த வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். மனைவி சாரா 1891இல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். அவர் போன இரண்டே ஆண்டுகளில் இருவரையும் எடுத்து மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் வைத்தார்கள், வீடும் பின்னர் இடிக்கப்பட்டது. அங்கிருந்தும் மாற்றலாம் என்று 2018இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

வர்ஜீனியாவில் உள்ள தம் பண்ணையான மாண்டிசெல்லோவில் தாமஸ் ஜெஃபர்சன் தம் கல்லில் எழுத வேண்டியதைத் தாமே எழுதிவைத்தார். சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகிய மூன்று மட்டுமே அதில் உண்டு, அதிபராக இருந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வீடு கைமாறிய பின்பும் அந்த இடுகாடு வாரிசுகளிடமே இருக்கிறது. அவரால் அடிமையாக வைத்திருக்கப்பட்டவரும், அவருடைய பிள்ளைகளைப் பெற்றவர் என்று வரலாற்றாய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுபவருமான சாலி ஹெமிங்ஸின் வழிவந்தவர்களையும் அங்கே அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை, வாரிசுகளின் சங்கம் 2002இல் வாக்கெடுத்து நிராகரித்தது. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். குடும்பத்தின் உரிமையை இவ்வளவு நேரம் போற்றிப் பேசிய நான், யார் குடும்பம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அதே உரிமை கதவைச் சாத்தியதையும் சொல்லாமல் விட முடியாது.

இந்தக் குன்றின் அடிவாரத்தில், மலைச்சரிவைக் குடைந்து கட்டிய ஒரு சிறிய கல் அறை இருக்கிறது. 1865 மே 4ஆம் தேதி லிங்கனையும் வில்லியையும் முதலில் வைத்தது அங்கேதான். மேரி கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, இருவரும் அந்தக் கம்பிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் மேலேயே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் இப்போது கேமராவை அணைக்காமல் கீழே இறங்கி, அந்தக் கதவுவரை நடக்கப்போகிறேன். அதுவரை பேசமாட்டேன், நீங்களும் என்னோடு வாருங்கள்.