இது நோய் மட்டும் என்றால் நான் உட்கார்ந்துவிடுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

போரில் மனசாட்சி காயப்பட்டுத் திரும்பும் வீரரை ஆற்றுவதில் பெரும்பங்கு மனநல மருத்துவருக்கா, ராணுவ மதகுருவுக்கா? மதகுருவுக்கே என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய சகோதரி சிகிச்சை முறைகளை அழகாக அடுக்கினார். சரி, வெடிச் சத்தத்துக்கு உடல் நடுங்குகிறதா? தூக்கம் போய்விட்டதா? மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதில் சண்டையே இல்லை. ஆனால் "எனக்கு என்ன ஆகுமோ" என்று நடுங்குவது வேறு, "நான் என்ன காரியம் செய்துவிட்டேன்" என்று குமைவது வேறு. இரண்டாவதுதான் அறக்காயம். இதை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே. எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போரிலிருந்து திரும்புகிறவருக்குச் சமூகமே கூடிச் செய்யும் தூய்மைச் சடங்கு வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். போட்ட மதிப்பெண்ணை அழித்துவிடுங்கள், ஐயா!

1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் படை வென்றது. வென்றவர்களுக்கு அவர்களுடைய கிறித்தவ ஆயர்கள், அதாவது பிஷப்புகள், விதித்தது என்ன தெரியுமா? கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு பாவப்பரிகாரத் தவம். தன் அம்பு எத்தனை பேரைக் கொன்றது என்றே தெரியாத வில்லாளிக்கு மூன்று தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் மூன்று முறை. "நீ கட்டளைக்குத்தானே கீழ்ப்படிந்தாய், மறந்துவிடு" என்று யாரும் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. செய்ததைச் செய்ததாகவே ஏற்றுக்கொண்டார்கள், அதிலிருந்து வெளியே வர ஒரு வழியும் காட்டினார்கள். தன்மேல் உண்மையிலேயே குற்றம் இருக்கிறது என்று நம்புகிறவரிடம் "அது உங்கள் எண்ணக் கோளாறு" என்றால், அவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

அமெரிக்க ராணுவத்தில் மனசாட்சி உறுத்தி மதகுருவிடம் சொன்னதை, சொன்னவர் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது. ராணுவ மருத்துவரின் ரகசியக் காப்புக்கோ பல விதிவிலக்குகள் உண்டு. "கடவுளை நம்பாதவன் எங்கே போவான்?" என்று கேட்டார்கள். எந்த மதத்தவரானாலும், மதமே இல்லாதவரானாலும், கவனித்துக்கொள்வது அந்த மதகுருவின் கடமை.

"அவரும் சீருடைக்காரர்தானே?" என்றார்கள். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். 1945-இல் பசிபிக் கடலின் டினியன் தீவில், ஜப்பான்மீது அணுகுண்டு வீசிய விமானப் படையினருக்குக் குருவாக இருந்தவர் ஜார்ஜ் ஜபெல்கா. அன்று அவர் கண்டித்துப் பேசவில்லை. பின்னாளில் அதை ஊரறியச் சொல்லி வருந்தினார், ஜப்பானுக்கே போனார். அதே காயம் பட்டவர் அவர். காயம்பட்டவரிடம் காயம்பட்டவர் பேசினால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கடைசியாக, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். அங்குள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கிறிஸ் ஆண்டல் என்ற மதகுருவும் ஓர் உளவியலாளரும் சேர்ந்து குழு நடத்தினார்கள். (சேர்ந்துதான், மறைக்கவில்லை.) முடிவில் மருத்துவமனைத் தேவாலயத்தில் பொதுமக்களைக் கூட்டினார்கள். வீரர்கள் செய்ததையும் கண்டதையும் வாய்விட்டுச் சொன்னார்கள். கேட்ட மக்கள், "உங்களை அனுப்பியவர்கள் நாங்கள், பொறுப்பில் எங்களுக்கும் பங்குண்டு" என்றார்கள்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். இதை எந்த மருந்துச்சீட்டில் எழுதுவது என்று அவர் சொல்லட்டும், ஐயா.