புதுச்சேரி மணல் எங்கே போனது? செயற்கைக்கோள் காட்டும் கதை

[திரை: புதுச்சேரித் துறைமுகம், மேலிருந்து]

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தைப் பாருங்கள். கடலுக்குள் நீளும் இரண்டு கோடுகள்தான் துறைமுகத்தின் கல் தடுப்புகள். 1980களின் கடைசியில் கட்டியவை. தெற்கே மணல் அகலமாகக் குவிந்திருக்கிறது. வடக்கே நகரத்தை ஒட்டி நெடுகக் கருங்கல்.

காரணம் எளிது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் திசை மாறும். வடக்கே போகவேண்டிய மணலைத் தடுப்பு மறித்துவிட்டது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டிலுள்ள பொம்மையார்பாளையம் பக்கம் போனது. மாநில எல்லை அலைக்குத் தெரியுமா என்ன?

[திரை: அதே இடம், அகச்சிவப்புப் படம்]

இதைச் செயற்கைக்கோள் எப்படி அளக்கிறது? கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். அதனால் படத்தில் கடல் கறுப்பு, கரை வெளிச்சம். நடுவிலுள்ள கோட்டை வருடாவருடம் வரைந்து அடுக்கினால் கரை நகர்ந்த தூரம் கிடைக்கும். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதலான படங்களை வைத்து இந்தியா முழுவதற்கும் இதைச் செய்தது. சுமார் மூன்றில் ஒரு பங்கு கரை அரிபடுகிறது.

ஆனால் ஒரே ஒரு படத்தை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர். வீட்டு வாசலில் ஐந்து மீட்டர் மண் போனால் மீனவருக்கு அது பேரிழப்பு, சென்டினல்-2 படத்திலேயே பாதிப் புள்ளிதான். கடல் மட்டம் ஏறியிருக்கும் ஓதநேரத்தில் எடுத்த படம் கரையைச் சுருக்கிக் காட்டும். மார்ச் மாதப் படத்தை டிசம்பர் படத்தோடு ஒப்பிட்டால் பருவ மாற்றத்தையே அரிப்பு என்று நினைத்துவிடுவோம்.

அப்புறம், மேகம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்-புதுச்சேரிக் கரையைத் தாக்கியது. அப்படிப்பட்ட நாளில் சாதாரணக் கேமராவுக்கு மேகம்தான் தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இதற்குத்தான்.

[திரை: தலைமைச் செயலகம் எதிரே மணல் கரை]

2018-இல் இங்கே கடலடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை வைத்தார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பு. மணல் திரும்பி வந்ததைப் படத்திலேயே பார்க்கலாம். தண்ணீருக்கடியில் எவ்வளவு சேர்ந்தது என்பதற்குப் படகில் போய் ஆழம் அளந்தாக வேண்டும்.

நீங்களே பார்க்க ஆசையா? செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளம் இலவசம். புதுச்சேரியைத் தேடி, 2017 மார்ச், 2022 மார்ச் இரண்டிலும் மேகமில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். தலைமைச் செயலகத்தைப் பார்த்த கையோடு பொம்மையார்பாளையத்தையும் பார்த்துவிடுங்கள்.