அணுகுண்டு விமானம் கிளம்பிய ஓடுபாதையை மறுபடி ஏன் சுத்தம் செய்கிறார்கள்?

[திரையில்: மேலிருந்து எடுத்த படம். காட்டுக்கு நடுவே நான்கு நேர்க்கோடுகள்]

வணக்கம் நண்பர்களே. இந்த நான்கு கோடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது. போர் முடிந்தபின் காடு வந்து மூடிக்கொண்டது. இப்போது அமெரிக்க விமானப்படை அந்தக் காட்டை வெட்டி ஓடுபாதையை மீட்டுக்கொண்டிருக்கிறது.

இடத்தின் பெயர் டினியன். பசிபிக்கில் குவாமுக்கு வடக்கே இருக்கும் குட்டித் தீவு, சுமார் 2,000 பேர் வாழ்கிறார்கள். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அடங்கவில்லை, அதனால் தள்ளிவிடாமல் கேளுங்கள். தீவின் வடிவம் நியூயார்க்கின் மன்ஹாட்டனைப் போலவே இருக்கிறது என்று அமெரிக்கப் படையினர் சாலைகளுக்கு பிராட்வே, 42-ஆம் தெரு என அங்கத்திய பெயர்களையே வைத்துவிட்டார்கள்.

[திரையில்: கண்ணாடிக் கூரை போட்ட குழி]

ஓடுபாதைப் பக்கம் இப்படி இரண்டு குழிகள். ஹிரோஷிமா குண்டின் எடை சுமார் 4,400 கிலோ. விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அதை நுழைக்க இடம் போதவில்லை. அதனால் குண்டை முதலில் குழிக்குள் இறக்கினார்கள். விமானத்தை உருட்டி வந்து குழிக்கு மேலே நிறுத்தி, கீழேயிருந்து குண்டைத் தூக்கி உள்ளே ஏற்றினார்கள். எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் படம் என் வயிற்றைப் பிசைகிறது.

சரி, இந்த ஓடுபாதை இப்போது எதற்கு? 2015-இல் பெய்ஜிங் அணிவகுப்பில் சீனா டிஎஃப்-26 ஏவுகணையைக் காட்டியது. அது சுமார் 4,000 கிலோமீட்டர் போகும். அமெரிக்காவின் பெரிய தளம் இருக்கும் குவாம் சீனக் கரையிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்தான். விமானங்களை ஒரே பெரிய தளத்தில் வரிசையாக நிறுத்திவைத்தால், எதிரிக்கு இலக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அதனால் பல சின்ன இடங்களுக்குப் பிரிந்து போய்விடுவது என்று அமெரிக்கர்கள் முடிவெடுத்தார்கள். டினியன் அப்படி ஒரு இடம். அமெரிக்க மரைன் படை தன் டாங்குகள் அத்தனையையும் கைவிட்டு, கப்பலைத் தாக்கும் ஏவுகணையோடு தீவு தீவாக நகரும் சின்னப் படைப்பிரிவுகளை உருவாக்குகிறது.

பிரிந்து நிற்க நிறைய தீவுகள் வேண்டும் அல்லவா? அவற்றில் பல, கூட்டாளி நாடுகளுடைய தீவுகள். அந்த நாடுகளின் பாதுகாப்புத் திட்டத்தையே இது புரட்டிப்போட்டிருக்கிறது.

பிலிப்பைன்ஸ் தன் மண்ணில் அமெரிக்கப் படை பயன்படுத்தக்கூடிய தளங்களை 2023-இல் ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்த்தியது. ஆஸ்திரேலியா, போர் வருவதற்குப் பத்து வருடம் முன்பே தெரிந்துவிடும் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டது. 2023 மறுஆய்வில் 450 கவச வண்டிகள் வாங்கும் திட்டத்தை 129 ஆகக் குறைத்து, நெடுந்தூர ஏவுகணைகளுக்கும் வடக்கே உள்ள விமான தளங்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது.

[திரையில்: யோனாகுனி தீவு, தைவான்]

அப்புறம் ஜப்பான். ஐந்து வருடத்துக்கு 43 லட்சம் கோடி யென் பாதுகாப்புச் செலவு, 400 டோமஹாக் நெடுந்தூர ஏவுகணைகள் என்று எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் யோனாகுனி என்ற குட்டி ஜப்பானியத் தீவைத்தான் பார்க்க வேண்டும். தைவானிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 1,700 பேர். 2015-இல் இங்கே ராணுவ முகாம் வரலாமா என்று ஊரே வாக்கெடுப்பு நடத்தியது. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வாக்கு இருந்தது. வரலாம் என்று 632 பேர், வேண்டாம் என்று 445 பேர். அடுத்த வருடமே கண்காணிப்பு முகாம் திறந்தார்கள். பிறகு வான்பாதுகாப்பு ஏவுகணைப் பிரிவும் வரும் என்று அரசு அறிவித்தது.

2025 மார்ச்சில் இன்னொரு திட்டமும் வெளியானது. நெருக்கடி வந்தால் யோனாகுனியும் அடங்கிய சாகிஷிமா தீவுக் கூட்டத்திலிருந்து சுமார் 1,20,000 பேரைக் கப்பலிலும் விமானத்திலும் ஆறு நாளில் ஜப்பானின் பெரிய தீவுகளில் ஒன்றான கியூஷு பக்கம் அழைத்துப் போய்விட வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். ஏவுகணையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே மக்களை எப்படி வெளியேற்றுவது என்றும் எழுதிவைப்பதுதான் நேர்மையான திட்டமிடல். எல்லாக் கூட்டாளி நாடுகளும் இதைச் செய்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2015-இல் வாக்குப் போட்ட அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். அதே வாக்குச்சீட்டை இன்று மறுபடி நீட்டினால் அவர்கள் எந்தப் பக்கம் போடுவார்கள்? நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.