எழுத்தைப் படமாக்க யாரு சொல்லித் தரணும்?

மேடையில வீற்றிருக்கற கல்லூரி முதல்வர் அய்யா அவர்களுக்கும், டிசைன் துறைத் தலைவர் அம்மா அவர்களுக்கும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கற அச்சக உரிமையாளர் அய்யா அவர்களுக்கும், வரவேற்புரையில என்னைப் பத்தி பெருந்தன்மையா நாலு வார்த்தை சொன்ன தமிழ்த்துறை பேராசிரியர் அவர்களுக்கும், காலையில இருந்து மைக் செட்டோட மல்லுக்கட்டின தம்பிக்கும், எதிர்ல உக்காந்திருக்கற மாணவச் செல்வங்களுக்கும் என்னோட அன்பான வணக்கம். பொன்னாடைக்கு பதிலா பிரஷ் செட் குடுத்தீங்க, துறைத் தலைவர் அம்மாவோட யோசனைன்னு சொன்னாங்க, அம்மாவுக்கு தனியா ஒரு நன்றி.

இன்னைக்கு மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். எழுத்தை எப்படிப் பாக்கறது, கையால எப்படி எழுதறது, அதை கம்ப்யூட்டருக்கு எப்படி கொண்டுபோறது. நான் எந்த மேடை ஏறினாலும் சொல்றதுதான், "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்". எழுத்தைப் படமாக்கற வேலையில அந்த சித்திரமும் செந்தமிழும் ஒண்ணா வந்து நிக்குது, அதனால இந்தப் பழமொழியை உங்க ஸ்டூடியோ சுவத்துல எழுதி வைக்கணும்னே நான் கேக்கறேன்.

முதல்ல பாக்கறது. ஹெர்ப் லுபாலின்னு ஒரு அமெரிக்க டிசைனர், உங்க சிலபஸ்லயும் இருப்பார். 1965-ல "மதர் அண்ட் சைல்ட்"னு ஒரு பத்திரிகைக்கு லோகோ பண்ணார். மதர்ல வர்ற ஓ எழுத்தோட வயித்துக்குள்ள அந்த "அண்ட்" குறியை சுருட்டி வெச்சு, அதுக்குள்ள சைல்டுங்கற வார்த்தையை குட்டியா உக்கார வெச்சார். வேற படமே கிடையாது, எழுத்து மட்டும்தான், ஆனா பாத்தா கருவுல குழந்தை. அந்தப் பத்திரிகை கடைசிவரைக்கும் வரவே இல்ல, லோகோவை மட்டும் இன்னைக்கும் உலகம் பூரா பாடமா நடத்தறாங்க. நல்லா நடத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல.

நம்ம எழுத்துல இது இல்லையா? 1978-ல எம்ஜிஆர் ஆட்சியில எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அச்சான பாடப் புத்தகத்தை எடுத்து "யானை"ங்கற வார்த்தையைப் பாருங்க. அந்த னை-க்கு முன்னாடி இப்ப போடற சங்கிலிக் கொம்பு கிடையாது, ன-வோட தலையில இருந்தே ஒரு கோடு கிளம்பி முன்பக்கமா வளைஞ்சு தும்பிக்கை மாதிரியே நிக்கும். யாரும் டிசைன் பண்ணல, வார்த்தைக்குள்ளயே யானை இருந்துச்சு. பெரியார் கேட்ட சீர்திருத்தம் அச்சுக் கோர்க்கறவங்களுக்கும் டைப்ரைட்டருக்கும் நல்லதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா எழுத்தை உருவமா பாக்கற கண்ணை நாம விட்டுடக் கூடாது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்துலயே நாகபந்தம், சக்கரம்னு சித்திரகவி வகை, அதாவது பாட்டையே படத்துக்குள்ள அடைக்கற வகை, சொல்லியிருக்கு, எண்கள் ஏறி இறங்கி வர்ற பாட்டான திருவெழுகூற்றிருக்கையை தேர் தட்டு மாதிரி அடுக்கி எழுதற வழக்கம் இருக்கு. சென்னை கவின் கலைக் கல்லூரியில படிச்ச ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழுக்கும் புத்தகத்துக்கும் கையால எழுதிக் குடுத்த தலைப்புகளைப் பாருங்க, அட்டையில வேற ஓவியமே தேவைப்படாது.

இப்ப கைக்கு வர்றேன், இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒரு டிசைன் கல்லூரியில பட்டறை, நான் ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சுவர் விளம்பரம், சினிமா பேனர், லாரி பாடின்னு வாழ்க்கை பூரா எழுதினவர், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை போய் இப்ப ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன். பிள்ளைங்களுக்கு "பசி"ன்னு ஒரே ஒரு வார்த்தை குடுத்தோம். எல்லாரும் லேப்டாப்பை திறந்துட்டாங்க. ஒரு பொண்ணு அழகான ஃபான்ட் எடுத்து, ப-வுக்குள்ள தட்டும் ஸ்பூனும் வரைஞ்சிருந்துச்சு. பெரியவர் பின்னால நின்னு பாத்துட்டே இருந்தார். அப்புறம் மெதுவா, "பாப்பா, ப-வே பாத்திரம்தானே, அதுக்குள்ள எதுக்கும்மா தட்டு?"ன்னு கேட்டார். வகுப்பே திரும்பிப் பாத்துச்சு.

அப்புறம் நூல்ல சாக் பவுடர் தடவி, ஒரு முனையை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்து, போர்டுல டப்புன்னு ஒரு கோடு அடிச்சார். எனாமல்ல ரெண்டு சொட்டு டர்பன்டைன் விட்டு, கை நடுங்காம இருக்க ஒரு குச்சியை ஊணிக்கிட்டு, பிளாட் பிரஷ்ஷால ப எழுதினார். போர்டுல முக்கால்வாசி அந்த ப-தான், அடிக்கோடு நல்லா தடிமனா, உள்ள ஒண்ணுமே இல்ல. அதோட ஓரத்துல சி-யை ஒல்லியா, சின்னதா நிக்க வெச்சு, அதோட கொக்கியை மட்டும் நீட்டி வளைச்சு ப-வுக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி விட்டார். யாரும் பேசல. ஒரு பையன், "சார் இன்னொரு தடவை எழுதுங்க, வீடியோ எடுத்துக்கறேன்"னான். எழுதினார், ஆனா அது வேற மாதிரி வந்துச்சு, ப சின்னதா சாஞ்சு, சி-யோட கொக்கி துள்ளிக்கிட்டு. ஏன் மாறிடுச்சுன்னு பையன் கேக்க, "மொதல்ல எழுதினது மழை பொய்ச்ச ஊரோட பசிப்பா, இது பள்ளிக்கூடம் விட்டு ஓடி வர்ற பையனோட பசி"ன்னார். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. இதைத்தான் சித்திரமும் கைப்பழக்கம்னு சொன்னாங்க. எந்த ஃபான்ட்டுக்குள்ளயும் ரெண்டு விதமான பசி இருக்காது.

அன்னைக்கு சாயங்காலம் நடந்ததையும் சொல்லணும். கெளரவ விரிவுரையாளருக்கு குடுக்கற தொகையை அவருக்குக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டா, டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸ் வேணும்னாங்க. அவர் எட்டாவது. கடைசியில பெயிண்ட் செலவுன்னு வவுச்சர் போட்டு, அதுல பாதிகூட இல்லாத ஒரு தொகையைக் குடுத்து அனுப்பினாங்க. அவர் சந்தோஷமாத்தான் வாங்கிக்கிட்டார், எனக்குத்தான் ராத்திரி பூரா தூக்கமே வரல. ஒரு செமஸ்டர்ல நாங்க சொல்லித் தர முடியாததை ஒரே மத்தியானத்துல சொல்லிக் குடுத்த மனுஷன் அவர்.

முதல்வர் அய்யா இங்கயே இருக்கறதால நேரடியாவே கேக்கறேன். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022-ல "ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்"னு ஒரு வழிமுறை கொண்டுவந்துச்சு, அதுக்கு பட்டம் கட்டாயம் இல்ல, தொழில் அனுபவம்தான் முக்கியம். அடுத்து 2023-ல உள்ளூர் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிக்குள்ளயே தங்க வெச்சு சொல்லித்தர வைக்கவும் வழி பண்ணிட்டாங்க. டெல்லியிலயே கதவைத் திறந்து வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல நாம ஏன் டிகிரி கேக்கணும்? சுவர் எழுதினவங்க, பேனர் எழுதினவங்க நிறைய பேருக்கு வயசாயிடுச்சு. அவங்க கை இருக்கும்போதே நம்ம பிள்ளைங்க அவங்க பக்கத்துல உக்காரணும். நாப்பழக்கத்துக்கு தமிழ்த்துறை இருக்கு, கைப்பழக்கத்துக்கு இந்தப் பெரியவங்களை விட்டா யாரு இருக்காங்க?

நேரமாச்சுன்னு சீட்டு வந்திருக்கு, அச்சக அய்யாவும் பேசணும், அவர் பேச்சைக் கேக்க நானே ஆவலா இருக்கேன், அதனால கம்ப்யூட்டர் விஷயத்தை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். வாசல் பக்கம் மேஜையில ஒரு மனு இருக்கு. டிசைன் படிப்புல தமிழ் எழுத்துக்கு ஒரு செமஸ்டர் பேப்பர், அதை எழுத்து ஓவியர்களே நடத்தணும், மத்த ஆசிரியர்களுக்கு குடுக்கற அதே சம்பளம், இவ்வளவுதான் கேட்டிருக்கோம். போகும்போது கையெழுத்து போட்டுட்டுப் போங்க, உங்க தெருவுல யாராவது எழுத்து ஓவியர் இருந்தா அவர் ஃபோன் நம்பரையும் அவர்கிட்ட கேட்டுட்டு எழுதிக் குடுங்க, நான் நேர்ல போய் பாக்கறேன். நன்றி, வணக்கம்.