செருப்பு வார் அறுந்த நாளும் மன்னார்க் கோட்டையும்

வணக்கம் உறவுகளே. கறுத்துப் போயிருக்கிறேன் என்று கீழே எழுத வேண்டாம், எனக்கே தெரியும். நேற்று முழுக்க வெயில். எங்கள் படகுக்கு நீலப் பெயின்ட் அடித்த வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ஒருநாள் கரையிறங்கி ஊர் காட்டுங்கள், ஆனால் மன்னார் வேண்டாம், அங்கே கழுதையைத் தவிர என்ன இருக்கிறதென்று. எனக்கு வந்ததே கோபம்! அதற்காகவே மன்னார்த் தீவுக்குப் போனோம்.

விடியவே பெருநிலக் கரையிலுள்ள விடத்தல்தீவிலிருந்து வெளிக்கிட்டோம். எஞ்சினைப் பிடித்தால் இவர், என் கணவர், வாய் திறக்கமாட்டார், உங்களுக்குத் தெரிந்ததுதானே. தீவுக் கரையிலுள்ள பள்ளிமுனையை நெருங்கும்போது வற்று, கடல் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. படகு தரை தட்டிவிட்டது. இவர் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோலை ஊன்றித் தள்ள, பாரம் குறையட்டும் என்று நான் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. காலைத் தூக்கினால் கால் மட்டும் வருகிறது, செருப்பு வரவில்லை. குனிந்து இழுத்தேன். வார் கையோடு வந்தது.

ஒற்றைச் செருப்போடுதான் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரத்தடிக்குப் போனேன், பாவோபாப் என்பார்களே அதுதான். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள், இந்த மரத்தின் சொந்த இடம் ஆப்பிரிக்கா. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். கைகோத்துச் சுற்றி நிற்கப் பன்னிரண்டு பேராவது வேண்டும். பட்டை யானைத்தோல் மாதிரி மடிந்து மடிந்து கிடக்கிறது. வடிவான மரமென்று சொல்லமாட்டேன், ஆனால் விட்டு வர மனமில்லை.

சரி, செருப்பு. பஸ் நிலையப் பக்கம் ஒரு கடையில் கேட்டால் 1,850 ரூபாய். பிளாஸ்டிக் செருப்புக்கு! இவர் காசை எடுத்துவிட்டார். நான் விடவில்லை. தெருவோரம் குடை விரித்து ஓர் ஐயா செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். சேற்றைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை என்றார். கழுவிக் கொடுத்தேன். பழைய டயர்த் துண்டொன்றை வெட்டி உள்ளே வைத்து, ஊசியை மெழுகில் இழுத்து, எட்டுத் தையல். எண்ணினேன். 150 ரூபாய்! 1,700 ரூபாய் மிச்சம் என்று ஓட்டோவில் மூன்று தரம் சொன்னேனாம், இவர் கணக்கு.

அப்புறம் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. நாலு மூலையிலும் கொத்தளம், உள்ளே கூரையில்லாத தேவாலயம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்தபோது எனக்கு இது வெறும் இடிந்த சுவர். நேற்றுத்தான் விளங்கியது. கொத்தளத்தில் ஏறி நின்றால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடுகிற கடல் காலடியில் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போன வள்ளம் எதுவும் பீரங்கிக்குத் தப்பியிருக்காது. முத்துக்குளிப்பும் இந்தக் கடலில்தானே நடந்தது, அவர்கள் சும்மாவா இங்கே குந்தினார்கள்? பாலத்து வழியே பஸ்ஸில் வந்தால் கோட்டை ஊரின் பின்பக்கம் மாதிரித் தெரியும். படகுக்காரருக்கு அதுதான் வாசல். இவரும் அகழியைப் பார்த்து, நம்ம படகை உள்ளே விடலாமோ என்று கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழு வசனம் அது.

ஓ, ரயிலை மறந்துவிட்டேன். மேலே நிற்கும்போதே தலைமன்னார் ரயில் போனது. 1914இல் இந்தியாவுக்குப் போன கப்பலோடு தொடுத்த பாதை, 1990இல் நின்றது, 2015இல்தான் திரும்ப ஓடியது. கையை ஆட்டினேன், வீடியோ எடுக்க மறந்துவிட்டேன். திட்டாதீர்கள்.

மத்தியானச் சாப்பாடு பாரைமீன் குழம்பு. உறைப்புப் பத்தாது, வேறு குறையில்லை. தேத்தண்ணீர்தான் சீனிப்பாகு மாதிரி. சீனி போடாதீர்கள் என்று சொன்ன பிறகும் போட்டுத் தந்தால் எனக்குப் பிடிக்காது, எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

பின்னேரம் திரும்பி வரும்போது தண்ணீர் ஏறியிருந்தது, படகு தானாகவே மிதந்து நின்றது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். அந்தத் தையலை நான் சேற்றில் விடுவேனா?

கழுதையும் இருந்தது. கோட்டைக்குப் போகிற வழியில் மூன்று, நடு வீதியில், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. எழுதிய தம்பிக்காக அதை அப்படியே வெட்டாமல் போட்டிருக்கிறேன்.