சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று ஏணியில் ஏறாதீர்கள்

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெயில் காலம் வந்தால் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு புகார் கேட்கலாம். ஃபேன் சுற்றுகிறது, காற்றே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கண்டன்சர் போயிருக்கும், மாத்துங்க" என்பார். கடையில் 2.5 என்று கேட்டால் அந்த அளவுக் கண்டன்சரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பார், நாளை போய் நாளை மறுநாள் ஆகும். சரி, இது என்ன பெரிய வேலை என்று நாமே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிறோம்.

இதைத் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஒரு பிளக் மாற்ற, ஒரு பல்பு ஹோல்டர் மாற்ற, ஒரு கண்டன்சர் மாற்ற ஆண், பெண் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் வேலையைக் கற்றுக்கொள்ளும் முன் இன்னொன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். கை வைக்கப்போகும் இடத்தில் கரண்ட் இல்லை என்று நாமே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லை என்று நினைப்பது வேறு, இல்லை என்று சோதித்துப் பார்ப்பது வேறு. இன்றைக்கு இதையே நான்கைந்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுத் தம்பி படித்தவர், நிதானமானவர். ஃபேன் கண்டன்சரை மாற்ற ஏறியிருக்கிறார். சுவிட்சை அணைத்திருக்கிறார், ரெகுலேட்டரையும் பூஜ்ஜியத்தில் வைத்திருக்கிறார். ஃபேனுக்கு மேலே கிண்ணம் மாதிரி ஒரு மூடி இருக்குமே, அதை இறக்கிவிட்டு வயரைத் தொட்டதும் ஷாக் அடித்துக் கீழே விழுந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் மோதி மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் நான் பார்க்கப் போனபோது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "சார், சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டுத்தானே ஏறினேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய அம்மா, "ஆமாங்க, நான்தான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மைதான். மெயினை இறக்கிவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எல்லா வயரும் சிவப்பு. ஒரே நிறச் சுருளை வாங்கி வீடு முழுக்க இழுத்திருக்கிறார்கள். எது கரண்ட் வரும் பேஸ், எது அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. சுவிட்சைப் பேஸ் லைனில் போடாமல் நியூட்ரல் லைனில் போட்டிருந்தார்கள்.

அப்படிப் போட்டாலும் சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், அணைத்தால் நிற்கும். ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் பேஸ் நேராக ஃபேன் வரைக்கும் வந்து நிற்கும். குழாயின் கடைசி முனையில் வால்வை மூடினால் தண்ணீர் ஓடாது, ஆனால் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும் இல்லையா, அப்படித்தான். அந்த வீட்டில் வயரிங் செய்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் யாருக்கும் தெரியவில்லை. முதன்முதலாகக் கை வைத்தவருக்குத்தான் தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், சுவிட்சை நம்பாதீர்கள். பல்பு மாற்றுவதற்கு மேல் எந்த வேலையாக இருந்தாலும் மெயினை இறக்குங்கள். இறக்கினால் மட்டும் போதுமா? போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

எதை வைத்துச் சோதிப்பது? டெஸ்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பாதி வீடுகளில் அதை ஸ்க்ரூ டிரைவராகப் பயன்படுத்தி முனையை மழுக்கி வைத்திருப்பார்கள். டெஸ்டர் எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். உள்ளே ஒரு சின்ன நியான் விளக்கும் மிக அதிகமான தடையுள்ள ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நாம் பின்பக்கம் விரலை வைக்கும்போது, நமக்கே தெரியாத அளவுக்குச் சிறிய மின்னோட்டம் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. அதில்தான் அந்த விளக்கு எரிகிறது. அப்படியென்றால் காய்ந்த பிளாஸ்டிக் ஸ்டூல் மேல், தடித்த ரப்பர் செருப்போடு நின்றால் வெளிச்சம் மங்கிப்போகும். நல்ல வெயிலில் எரிவது கண்ணுக்கே தெரியாது. உள்ளே நியான் செத்துப்போயிருந்தால் எங்கே வைத்தாலும் எரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஆகவே என் மாணவர்களுக்குச் சொன்ன முறையை உங்களுக்கும் சொல்கிறேன். மெயினை இறக்கும் முன், கரண்ட் வரும் ஒரு பிளக் பாயிண்ட்டில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், எரிய வேண்டும். பிறகு மெயினை இறக்கிவிட்டு, வேலை செய்யப்போகும் இடத்தில் ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பாருங்கள். பேஸ், நியூட்ரல் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். எரியவில்லையா? இப்போது டெஸ்டரை மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டில் மெயின் இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். போங்கள், ஒரு நிமிட வேலைதான். இருக்கிற இடம், பார்க்கிற இடம், திரும்ப இருக்கிற இடம் என்று மூன்று முறை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். இப்போது நம் ஊரில் சின்ன வீட்டில்கூட இருக்கிறது. மெயினை இறக்கினால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது வேலையைத் தொடங்கிவிடும். அதில் எந்த லைன்களைக் கொடுத்திருப்போம்? ஃபேனும் லைட்டும்தான். அதாவது நாம் கை வைக்கப்போகும் அதே ஃபேனுக்கு, மெயினை இறக்கிய பிறகும் 230 வோல்ட் வரும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் சரிவராது, மெயினிலிருந்து வரும் கரண்ட் அதன் வழியாகவே கடந்து போகும். இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு? ஆமாம், சோதிக்க வேண்டும்.

வயர் நிறம் பற்றிக் கொஞ்சம். நம் வீடுகளில் மூன்று பேஸ் வயரிங் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். கசியும் கரண்ட்டைத் தரைக்கு இறக்கும் எர்த் வயர் பச்சை. ஆனால் அயர்ன் பாக்ஸ், மிக்சி போன்ற சாதனங்களோடு வரும் வயரில் பழுப்பு நிறம் பேஸ், நீலம் நியூட்ரல். கவனித்தீர்களா, சுவருக்குள் நீலம் பேஸ், பொருளின் வயரில் நீலம் நியூட்ரல். போதாததற்குப் பாலக்கோட்டில் பார்த்ததுபோல் எல்லாமே சிவப்பாகவும் இருக்கும். அதனால் நிறத்தைப் பார்த்து ஓர் ஊகத்துக்கு வரலாம், கை வைக்க அது போதாது.

பிளக் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூன்று பின்னில் மேலே இருக்கும் தடித்த பின் மற்ற இரண்டையும் விட நீளம். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அதேபோல் பிளக்குக்குள் பச்சை வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு முடுக்குங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் பிய்ந்து வரட்டும், எர்த் கடைசி வரை நிற்கட்டும். பச்சை வயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எர்த் கொடுக்க வேண்டிய அயர்ன் பாக்ஸுக்கும் கிரைண்டருக்கும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த எர்த் விஷயத்தில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பூமி பாறைப் பூமி. கிருஷ்ணகிரி கிரானைட் வெளிநாட்டுக்குப் போகிறது. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று எங்கே போனாலும் பல இடங்களில் நாலடி தோண்டினால் கடப்பாரை தெறிக்கும். எர்த் பைப் என்றால் குறைந்தது 2.5 மீட்டர் உள்ளே போக வேண்டும். பாறை தட்டியதும் பைப்பை அறுத்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு சரி, அப்புறம் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கட்டியானால் எர்த் பேருக்குத்தான் இருக்கும்.

அதனால் என்ன ஆகும்? கிரைண்டரில் இன்சுலேஷன் போய், கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த்தின் தடை 40 ஓம் இருந்தால், 230-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், 6 ஆம்பியர்கூட ஓடாது. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே இறங்கிவிடும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. ட்ரிப் ஆகாமல், கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டோடு கிரைண்டர் அங்கேயே நிற்கும். ஈரக்கையோடு வரும் நம் வீட்டுப் பெண்கள்தான் அதைத் தொடுவார்கள்.

எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும் கருவி. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். பேஸில் போன அளவு நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அவ்வளவு கரண்ட் வேறு வழியில் தரைக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்றால் எவ்வளவு? 9 வாட் எல்.ஈ.டி. பல்பு எடுப்பதே அதைவிட அதிகம். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகும். கரண்ட் பிடித்து இழுக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். பாறைப் பூமியில் வீடு கட்டியிருக்கும் நமக்கு ஆர்.சி.சி.பி. அவசியம். கிரானைட் தரை போடுகிறவர் இதையும் போட முடியும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் பிடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும் லைனுக்கும் பல வீடுகளில் அது காவல் இல்லை. ஆகவே ஆர்.சி.சி.பி. இருந்தாலும் மெயினை இறக்குவதையும் சோதிப்பதையும் விடக் கூடாது.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மீட்டர் போர்டு, அதற்கு மேலே கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் இரண்டும் ஈ.பி. வேலை, தொடாதீர்கள். போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கண்டன்சர்கள் மெயினை இறக்கிய பிறகும் கரண்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். வாட்டர் ஹீட்டர் ராடு பக்கெட்டில் இருக்கும்போது தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு பாருங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டாதீர்கள், நைலான் கயிறு கட்டுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். முடியவில்லை என்றால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளி விலக்குங்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும்தான். வெளியே கம்பத்துக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டவே போகாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது நெஞ்சு இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.