தடுப்பூசியால் தோள் பாதிக்கப்பட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கவாத்துக் கத்தி பட்டதற்காகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டி.டி. எனப்படும் ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டாராம், அன்றிரவே தொடங்கிய தோள்வலி ஓராண்டாகியும் தீரவில்லை, கிளையை வளைத்துப் பழம் பறிக்கக் கை எழவில்லை என்கிறார். அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு தருகிறார்களே, நமக்கும் கிடைக்குமா என்பது அவர் கேள்வி.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கெனத் தனி நிதி உண்டு. 2017-இல் இந்தத் தோள் பாதிப்பும் அதன் பட்டியலில் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியதாகக் காட்டினால், யார் தவறு என்று அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. அம்மா, நம் நாட்டில் உங்களுக்குரிய வழி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் ஊசி போட்டவரின் கவனக்குறைவை நாம்தான் நிரூபித்தாக வேண்டும்.

தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையில் போட வேண்டிய ஊசியை மிக மேலே போட்டால், மருந்து தோள்மூட்டுக்கு அருகிலுள்ள நீர்ப்பையில் இறங்கி அழற்சியை உண்டாக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் தானாகவே இறுகுவதுண்டு என்பதால், உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே வலி எப்போது தொடங்கியது என்று எழுதப்பட்ட முதல் மருந்துச் சீட்டு உங்களிடம் இருந்தால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எழுத்துப்பூர்வமான கருத்தும் பெறுங்கள். ஊசி போட்ட மருத்துவமனையில் உங்கள் சிகிச்சைப் பதிவை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தோட்டத்தின் சம்பளச் சீட்டுகளே சான்று.

சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்ய வேண்டும். ஓராண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டதால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இதே ஊசியை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டிருந்தால், 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இயலாது. உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு; சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.